பொருத்திய வால்யூமும் காப்பு நகலும்

விண்டோஸ் சர்வர் இரண்டினை ஒரு கிளஸ்டராகப் பிணைத்து, ஒன்று வீழின் மற்றொன்று அதன் பணியை ஏற்குமாறு அமைப்பர். பொது டிஸ்குகள் ஒரு காலத்தில் ஒரு சர்வரிடத்தே தங்கும். பணி பெயருங்கால் உடன் பெயரும். ஆதலின் பேக்கப் எனப்படும் காப்பு நகலுக்குரிய மென்பொருளை இரு சர்வரிலும் நிறுவுதல் வேண்டும். சர்வரின் சொந்த டிஸ்குக்கு அதன் இயற்பெயரே போதும். பொது டிஸ்குக்கு அப்பெயரை எழுதிவைத்தால், பணி பெயர்ந்த இரவில் மென்பொருள் பழைய இடத்திலே தேடி வெறுங்கையோடு மீளும். பணியோடு உடன் செல்லும் கிளஸ்டர்ப் பெயரையே அதற்கு எழுதுக.

நிற்க. டிரைவ்களுக்கு இட ஆங்கில எழுத்து 26 மாத்திரமே. அக்குறை நீங்க, ஒரு வால்யூமை வேறொரு டிரைவின் வெற்று ஃபோல்டரிலே பொருத்தும் வழியை விண்டோஸ் 2000 தந்தது. கிளஸ்டரின் பொது டிஸ்குகளுக்கு அது விண்டோஸ் சர்வர் 2003 முதல் இசைந்தது. இங்ஙனம் பொருத்தியது ஃபோல்டர்போலத் தோன்றினும் உண்மையில் வேறு வால்யூமேயாம். இலக்கணம் பயில்வோர்க்கு இஃது ஆகுபெயரை நினைப்பூட்டும்: பெயர் ஒன்று, பொருள் வேறு. மென்பொருள்களுட் சில அவ்வாயிலைக் கடந்து உட்புகும். சில வாயிலை மட்டும் குறித்துக்கொண்டு அப்பாற் செல்லும். பின்னதாயின் அறிக்கை வெற்றியென்றே கூறும். மீட்கும் நாளிலோ வெற்று ஃபோல்டரே கிடைக்கும்! ஆகவே பொருத்திய ஒவ்வொரு வால்யூமையும் பட்டியலில் தனித்தனியே குறித்தல் வேண்டும்.

தாங்கும் டிஸ்கும் பொது டிஸ்காயிருத்தல் வேண்டும். பொருத்திய டிஸ்கு அதனைச் சார்ந்ததெனக் கிளஸ்டரிலே எழுதுக. இன்றேல் தாங்குவது எழுமுன் தாங்கப்படுவது எழ முயலும்.

பின்னர், எவரும் வழங்காத வேளையிலே பணியை வேண்டுமென்றே மற்றச் சர்வருக்குப் பெயர்த்து நகலெடுத்து, பொருத்திய வால்யூமிலிருந்து கோப்பொன்றை மீட்டுத் திறந்து பார்க்க.