இரு செவிகளும் எட்டுத் திசைகளும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் மின்சாதனக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கியிருக்கும் ஹெட்போன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவர், பல பெட்டிகளின்மேல் '7.1 சரவுண்ட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதையும், பக்கத்திலேயே 'ஸ்டீரியோ' என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும் பெட்டி அதே விலைக்கோ, சில சமயங்களில் அதற்கு மேலான விலைக்கோ விற்கப்படுவதையும் கண்டு திகைத்துப் போவது இயல்பே. "அண்ணே, ரெண்டுக்குக் குடுக்கிற காசுக்கு எட்டு கெடைக்குது, யோசிக்க என்ன இருக்கு?" என்று விற்பனை செய்யும் இளைஞர் கேட்கும்போது அந்தக் கணக்கில் பிழை காண்பதும் எளிதன்று. கூடத்தைச் சுற்றி ஏழு ஸ்பீக்கர்களையும் ஒரு சப்வூஃபரையும் நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டுக்கு உண்டான அந்த எண்ணை, காதோடு ஒட்டி அமரும் சாதனத்தின்மீது ஏற்றிச் சொல்வதால் விளைந்த மயக்கங்கள் பல. அவற்றுள் நம் வீடுகளில் பணத்தையும் செவியையும் பாதிக்கிற சிலவற்றை இங்கே நிதானமாக ஆராய்வோம்.

எல்லாத் திசைகளிலிருந்தும் சப்தம் கேட்க வேண்டுமானால் எல்லாத் திசைகளிலும் ஒலிக்கும் உறுப்புகள் இருந்தாக வேண்டும் என்பது முதல் நம்பிக்கை. மனிதனுக்கு இருப்பவை இரண்டே செவிகள். பின்னாலிருந்து வரும் மோட்டார் சைக்கிளையும் தலைக்குமேல் கரையும் காகத்தையும் அவ்விரண்டைக் கொண்டே அவன் இனம் காண்கிறான். வலப்புறத்துச் சப்தம் இடச்செவியை அடையச் சிறிது தாமதமாகிறது. ஒரு வினாடியை ஆயிரம் கூறிட்டால் அந்தத் தாமதம் அதில் ஒரு கூறைக்கூட எட்டுவதில்லை. இடையில் தலையே மறைப்பாக நிற்பதால் அந்தச் செவிக்கு ஒலியின் வலிமையும் குறைகிறது. இவ்விரு வேறுபாடுகளைக் கொண்டே மூளை இடம் வலம் நிர்ணயிக்கிறது என்னும் கொள்கையை ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு 1907இல் தெளிவாக வகுத்துரைத்தார். அதற்கும் முன்பே, 1881இல் பாரிஸ் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், க்ளெமாங் அதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், ஆபெரா அரங்கின் மேடையோரத்தில் வரிசையாகப் பொருத்திய ஒலிவாங்கிகளிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே சங்கீதத்தைக் கொணர்ந்து, வந்தவர்களிடம் காதுக்கொன்றாக இரண்டு குழல்களைக் கொடுத்தபோது, பாடகர் மேடையில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவர்கள் கண்ணால் காணாமலே உணர்ந்தார்கள். பின்னாளில் ஸ்டீரியோ என்று பெயர் பெற்ற அந்த அநுபவம், முதன்முதலாக உலகுக்குக் காதோடு வைத்த இரண்டு குழல்களின் வழியாகவே வந்தது.

இடம் வலம் சரி, முன்னும் பின்னும் எவ்வாறு என்று கேட்போருக்கு விடை காது மடலின் மடிப்புகளில் இருக்கிறது. இதை வீட்டிலேயே பிரத்தியட்சமாகச் சோதித்துப் பார்க்கலாம். ஒருவரை நாற்காலியில் அமர்த்திக் கண்களை மூடித் தலையை அசைக்காதிருக்கச் சொல்லி, ஒரு சாவிக்கொத்தை அவர் மூக்குக்கு நேரே ஒரு முழத் தூரத்திலும், பிறகு பிடரிக்கு நேரே அதே தூரத்திலும் மாறி மாறிக் குலுக்கினால், எங்கே குலுக்குகிறோம் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார். அடுத்து, காதுத் துளையை அடைக்காமல் மடல்களை மட்டும் விரல்களால் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளச் சொல்லிக் குலுக்கினால் விடைகள் தடுமாறத் தொடங்கும். மடலின் மேடுபள்ளங்களில் பட்டு எதிரொலித்து உள்ளே செல்லும்போது ஒலியின் நுண்பகுதிகள் சில ஓங்கியும் சில ஒடுங்கியும் போகின்றன. பிறந்த நாள்முதல் பழகிய அந்த மாற்றங்களையே மூளை திசையாகப் படிக்கிறது. கடைசியாக, தலையைச் சற்றே திருப்பிக்கொள்ள அநுமதித்தால் தெளிவு திரும்பிவிடும். தலை அசைவுக்கு இதில் உள்ள பங்கை 1940இல் ஹான்ஸ் வாலக் என்ற உளவியலறிஞர் பரிசோதனைகளால் நிறுவினார்.

இந்தச் சூட்சுமத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 7.1 ஹெட்போனின் உள்ளே பார்ப்போம். அவற்றில் ஒரு ஜாதி, காதை மூடும் கிண்ணம் ஒவ்வொன்றிலும் ஒலியெழுப்பும் உறுப்புகளான சிறு டிரைவர்கள் நான்கைந்தை நெருக்கி வைத்தது. சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனில் 40 அல்லது 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே டிரைவர் அமரும் இடத்தை இவை பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் சிறுத்துப் போகிறது; சிறுத்ததனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து நாதம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு உடல் போதாமல் போகிறது. 'பின் ஸ்பீக்கர்' என்று பெயரிடப்பட்ட டிரைவர் காதுக்குப் பின்னே சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் மட்டும், கூடத்தின் பின்கோடியிலிருந்து வரும் ஒலியின் தன்மை அதற்குக் கிட்டுவதுமில்லை. மற்றொரு ஜாதியில் இருப்பவை இரண்டே டிரைவர்கள். படத்தின் ஆறு அல்லது எட்டு ஒலித்தடங்களையும் எடுத்து, ஒவ்வொன்றும் அதற்குரிய திசையிலிருந்து வந்தால் செவியில் எத்தகைய தாமதமும் மாற்றமும் நேருமோ அதைக் கணினி கணக்கிட்டு இரு செவிகளுக்கும் ஊட்டுகிறது. விண்டோஸ் சோனிக், ஹெட்போனுக்கான டால்பி அட்மாஸ், டிடிஎஸ் ஹெட்போன் எக்ஸ் முதலியவை செய்வது இதுவே. 2020இல் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோவில் வந்த இத்தகைய வசதி, தலை திரும்புவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே, நல்ல சரவுண்ட் அநுபவத்தை ஹெட்போனில் உண்டாக்குவது மென்பொருளே; அந்த மென்பொருளுக்கு வேண்டியது தரமான ஸ்டீரியோ ஹெட்போன். எட்டு என்ற எண்ணுக்காக வெள்ளியைச் செலவிட்டு ஒலியின் தரத்தைத் தியாகம் செய்வது நஷ்டமான வியாபாரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மென்பொருளின் இந்தக் கணக்கீடு பொதுவான ஒரு தலையையும் பொதுவான காதையும் அளவாகக் கொண்டது. ஒருவர் காது மடல் மற்றவருடையதைப் போல் இருப்பதில்லையாதலால், அண்ணனுக்கு நேர் எதிரே நின்று பேசுவதாகத் தோன்றும் குரல் தம்பிக்கு உச்சந்தலையிலிருந்து வருவதாகத் தோன்றலாம். தம்பியின் செவியில் குறையில்லை, அளவுதான் அவருடையதன்று.

சரவுண்ட் பொத்தானை அழுத்தினால் எந்த ஒலியும் மேன்மை பெறும் என்ற எண்ணம், முந்தியதைவிடப் பரவலாகவும் அதிகத் தீங்கு செய்வதாகவும் இருக்கிறது. மூல ஒலிப்பதிவில் இல்லாத திசையை எந்தப் பொத்தானாலும் மெய்யாகப் படைக்க முடியாது. இந்தப் பினாங்கு மண்ணில் 1929இல் பிறந்த மலாய்த் திரைக்கலைஞர் பி. ராம்லியின் திரைப்படங்களும், நம் பெற்றோர் கேட்டு உருகிய டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா ஆகியோரின் அக்காலத்துத் திரைப்பாடல்களும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. ஹெட்போனில் அக்குரல்கள் தலையின் நடுவே நிற்பது அவற்றின் இயல்பு. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோப் பதிவுக்கு வழிதிறந்ததாகப் பேசப்படுவது, இளையராஜா இசையமைத்து 1978இல் வெளிவந்த 'ப்ரியா'. திரையரங்கைச் சூழ்ந்தொலிக்கும் முறைகள் 'குருதிப்புனல்' வந்த 1995ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்ப் படங்களில் பரவலாயின. 2012இல் 'சிவாஜி'யின் முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸில் வந்தது. சரவுண்டாகவே கலக்கப்பட்ட பிற்காலப் படத்துக்கு அந்தப் பொத்தான் பயன்படும். 'ப்ரியா'வின் பாட்டுக்கோ, அதற்கு முந்திய பாட்டுக்கோ அதைப் போட்டால், குரலைச் சுற்றிக் குளியலறை எதிரொலி போன்ற ஒன்று படர்ந்து சாரீரத்தின் சுத்தம் கெடும். ஒலிப்பதிவுக் கலைஞர் உழைத்துக் கலந்த சமநிலையும் குலையும். பாட்டுக்கு அணைத்துவிடுங்கள், இதில் எனக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. கணினி விளையாட்டுகள் ஆடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: விளையாட்டுக்குள்ளேயே ஹெட்போனுக்கான திசை அமைப்பு இருந்தால் அது ஒன்றே போதும். அதன்மேல் மற்றொரு சரவுண்டையும் ஏற்றினால் எதிரியின் காலடி ஓசை எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் போகும்.

இவ்வளவு சொன்னதால், ஸ்பீக்கர்களால் அமையும் மெய்யான சரவுண்டின் பெருமையை நான் குறைக்கிறேன் என்று கொள்ளலாகாது. இடியோசை நெஞ்சில் வந்து மோதுவதும், தீபாவளி மாலையில் பாட்டி முதல் பேரன் வரை ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே கணத்தில் சிரிப்பதும் எந்த ஹெட்போனாலும் தர முடியாத இன்பங்கள். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குச் சில நியமங்கள் உண்டு. ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 முறையில் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் அமர்ந்திருப்பவரின் நேர்ப்பார்வைக்கு இருபுறமும் 30 பாகையிலும், பக்கவாட்டுப் பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும், எல்லாம் ஏறக்குறைய சம தூரத்திலும் நிற்க வேண்டும். கடைத்தெருவையும் குவீன் ஸ்திரீட்டையும் சுற்றியுள்ள நம் பழைய கடைவீடுகளோ, முகப்பு குறுகி உள்நோக்கி நீண்டு செல்பவை; நடுவே வானம் பார்த்த முற்றம்; இருபுறமும் அண்டை வீட்டோடு பொதுவான செங்கற்சுவர்; மேலே பலகைத் தளம். அத்தகைய கூடத்தில் ஒரு பின் ஸ்பீக்கர் சுவரோரத்தில் முழங்க, அதன் இணையோ முற்றத்தின் வெட்டவெளியில் ஒலியை இழந்து நிற்கும். மழை பிடித்துக்கொண்டால் முற்றத்துத் தகரத் தாழ்வாரத்தின் பேரோசையில் படத்தின் மெல்லிய சப்தங்கள் அனைத்தும் மூழ்கும். கூரையில் மோதித் திரும்பும்படி ஒலியை மேல்நோக்கி எறியும் அட்மாஸ் ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான, மிக உயரமில்லாத கூரை வேண்டும். உத்திரங்கள் துருத்தி நிற்கும் பலகைத் தளம் அதற்கு உதவாது.

ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீடுகளில் சிக்கல் வேறு விதமானது. சோபா பின்சுவரை ஒட்டியே கிடக்கும். ஒரு பக்கம் சாமி மேடை, மறுபக்கம் அறைக்குப் போகும் வழி. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் அலமாரியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ள, சரவுண்ட் என்பது பெயரளவில் எஞ்சும். இதைவிடவும் முக்கியமானது அண்டை வீட்டாரின் உறக்கம். 40 ஹெர்ட்ஸ் அளவில் முழங்கும் சப்வூஃபர் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். திரைச்சீலையும் கம்பளமும் அதைத் தடுப்பதில்லை, சுவரும் தளமும் கூடவே அதிர்ந்து அதை அடுத்த வீட்டுக்குள் கொண்டுசேர்த்துவிடும். விடிவதற்குள் சந்தைக்கோ தொழிற்சாலைக்கோ புறப்பட வேண்டிய சீனக் குடும்பமோ மலாய்க் குடும்பமோ சுவருக்கு அப்பால் படுத்திருக்கையில், இரவு பதினொரு மணிக்கு நம் வீட்டில் வெடிகுண்டு வெடிப்பது நியாயமன்று. பகலில் குடும்பத்தோடு பார்க்க முன்னால் இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள், இரவில் தனித்துப் பார்க்க ஒரு நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் என்பதே இத்தகைய வீடுகளுக்கு என் தீர்மானமான யோசனை. வசனம் புரியவில்லை என்று பெரியவர்கள் குறைப்படும் வீட்டில், சரவுண்டுக்கு ஒதுக்கிய பணத்தை ஒரு நல்ல நடு ஸ்பீக்கருக்கு மாற்றிவிடலாம், 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது.

ஹெட்போன் காதைக் கெடுக்கும், ஸ்பீக்கர் கெடுக்காது என்பது தாய்மார்களிடம் ஆழ வேரூன்றிய நம்பிக்கை. அதில் அக்கறை இருக்கிறது. உண்மை பாதிதான் இருக்கிறது. காது கெடுவது ஒலியின் அளவாலும் கேட்கும் நேரத்தாலும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு; பிள்ளைகளுக்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் ஏறுந்தோறும் அநுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. ஹெட்போனில் அபாயம் மிகுவதற்குக் காரணம் வெளிச்சத்தத்தை அமுக்குவதற்காக நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது. கேசட்டுக் கடைகளின் காலந்தொட்டே கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் பாட்டு முழங்கும் லிட்டில் இந்தியாவின் மாடி வீட்டில் இருப்பவர், காதை முழுதும் மூடும் அடைப்பு வகை ஹெட்போனை வாங்கினால் குறைந்த ஒலியிலேயே நிறைவாகக் கேட்கலாம். அமைதியான அறை வாய்த்தவருக்குப் பின்புறம் திறந்த வகை நல்லது; ஒலி தலைக்கு வெளியே விரிந்தாற்போல் தோன்றும், நம் ஊர்ப் புழுக்கத்தில் காதும் வியர்க்காது. எந்த வகையானாலும் போலித்தோல் உறை இந்த ஈரக்காற்றில் விரைவில் உரிந்து உதிர்வதால், துணியுறை போட்டதும் உறையைத் தனியே மாற்றக்கூடியதுமானதைத் தேடுவது நலம்.

கம்பியில்லாதது எல்லாம் ஒன்றே என்று நினைப்பதும் தவறு. பழைய புளூடூத் முறையில் ஒலி, வினாடியில் எட்டில் ஒரு பங்குக்கும் மேலாகப் பிந்தி வருவதுண்டு. அவ்வளவு பிந்தினால் உதடும் வசனமும் ஒட்டாதது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். தொலைக்காட்சிக்குக் கம்பியோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் சிறு கருவியோடு வரும் வகையோ மேல்.

கடைக்குப் போகும்போது உங்கள் கைபேசியில் நன்கு பழகிய ஒரு பாட்டையும், மழையோ கூட்டமோ வரும் ஒரு படக்காட்சியையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் எல்லாச் சரவுண்ட் அமைப்புகளையும் அணைக்கச் சொல்லிப் பாட்டைக் கேளுங்கள். பாடகரின் மூச்சும் மிருதங்கத்தின் தொப்பியும் தெளிவாகக் கேட்காத ஹெட்போனை, பெட்டியில் என்ன எண் போட்டிருந்தாலும், கீழே வைத்துவிடலாம். அந்தத் தேர்வில் தேறியதற்கு மட்டும் காட்சியைப் போட்டுச் சரவுண்டை இயக்கிப் பாருங்கள். உங்கள் காதுக்கு அது பொருந்தாவிட்டாலும் நஷ்டமில்லை. நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் ஒன்று கையில் இருக்கும்.