பழைய மோட்டாரும் நம் காமிராவும்

தில்லியில் குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர், வேர்க்கடலை, மூடுபனி இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதுதான் பழங்கால மோட்டார் கார்களின் ஊர்வலம். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964இல் இங்கே தொடங்கி வைத்த ராலி இது. கல்கத்தாவில் 1968இல் தொடங்கினார்கள். 2011 முதல் '21 கன் சல்யூட்' என்று இன்னொரு கண்காட்சியும் சேர்ந்துகொண்டது. நம் சங்கக் குடும்பங்கள் பலவும் குழந்தை குட்டிகளோடு போய் வருகின்றன. திரும்பி வந்து காட்டும் படங்கள்தான் ஒரே மாதிரி இருக்கின்றன. கார் பாதி, குறுக்கே நிற்பவரின் முதுகு பாதி, பளபளக்கும் கதவில் படம் எடுத்தவர் மட்டும் முழுசாக!

இதில் காமிராவின் மேல் குற்றம் இல்லை. இன்று சட்டைப் பையில் இருக்கும் போனே போதும். எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது என்பதுதான் விஷயம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். இரும்பும் சக்கரமும் என் தொழில், படம் எடுப்பது பொழுதுபோக்கு. இரண்டும் சேருகிற இடம் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காரின் உடம்பு ஒரு கண்ணாடி

பள்ளிக்கூடத்தில் படித்தோமே, படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று, அதுதான் இங்கே முதல் பாடம். மெருகேற்றிய பெயின்ட், குரோமியம் பூசிய பம்பர், விளக்குக் கிண்ணம் எல்லாமே கண்ணாடிகள். நாம் காரைப் படம் எடுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் காருக்குள் தெரியும் வானத்தையும் மரத்தையும் ஐஸ்கிரீம் வண்டியையும் எடுக்கிறோம். ஆகவே காமிராவைத் தூக்குமுன் கதவை உற்றுப் பாருங்கள். அதில் என்ன தெரிகிறது? இரண்டடி நகர்ந்தால் ஐஸ்கிரீம் வண்டி போய், வெறும் வானம் வரும். அந்த இடமே உங்கள் இடம். சிவப்பு ஸ்வெட்டரை அன்றைக்கு மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள். கறுப்புக் காரில் அது நெருப்புப் போலத் தெரியும்.

மூடுபனியைத் திட்டாத தில்லிவாசி இல்லை. ரயில்வேக்காரர்கள் இன்னும் அதிகமாகவே திட்டுவோம். ஆனால் காரைப் படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வானம் முழுக்க வெள்ளை வேட்டி கட்டியதுபோல் வெளிச்சம் நாலாபுறமும் பரவி விழும். மட்கார்டின் வளைவு மெல்ல மெல்ல வெளுப்பிலிருந்து கறுப்புக்குப் போவது தெரியும். உச்சி வெயிலிலோ குரோமியத்தில் ஊசி குத்துகிற மாதிரி நாலு புள்ளி, மட்கார்டுக்குக் கீழே கரி இருட்டு, இடையில் ஒன்றும் இருக்காது. ஆகையால் காலை காப்பியை முடித்துக்கொண்டு, கொடி அசைப்பதற்கு முன்பே போய்விடுங்கள். கார்கள் வந்து அணிவகுத்து நிற்கிற அந்த நேரத்தில் கூட்டமும் குறைவாக இருக்கும்.

வெயில் வந்துவிட்டால் போலரைஸிங் ஃபில்டர் உதவும். லென்ஸின் முன்னே பொருத்தித் திருப்பத் திருப்ப, பெயின்ட் மேலும் கண்ணாடி மேலும் உள்ள பளிச்சிடல் அடங்கும். கண்ணாடிப் பரப்போடு ஏறக்குறைய 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போது இதன் வேலை மிக நன்றாக இருக்கும். நேர் எதிரே நின்றால் ஒன்றும் நடக்காது. குரோமியத்திடமும் இது பலிக்காது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அப்படி ஒழுங்குபடுவதில்லை. போன் வைத்திருப்பவர்கள் போலராய்டு கறுப்புக் கண்ணாடியை லென்ஸ் முன்னால் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம். பத்து பைசா செலவில்லை.

கறுப்புக் கார், வெள்ளைக் கார்

காமிராவின் ஒளிமானிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதைக் காட்டினாலும் அதைச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். கறுப்பு ஃபோர்டை முழுக்க வைத்தால் அதை வெளுக்கடித்துச் சாம்பலாக்கும். வெள்ளைக் காரை அழுக்காக்கும். கறுப்புக்கு ஒரு ஸ்டாப் குறைத்தும், வெள்ளைக்கு ஒரு ஸ்டாப் கூட்டியும் வையுங்கள். போனில் திரையைத் தொட்டதும் வருகிற சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் அதே காரியம்தான். 'வெள்ளைக்குக் கூட்டு' என்பது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அதுதான் சரி.

எங்கிருந்து, எந்த உயரத்தில்?

கிட்டே போய் எடுக்கும் ஆசைதான் பல படங்களைக் கெடுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு மீட்டர் நீளக் கார். அதன் விளக்குக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கிறீர்கள். பின்பக்கம் உங்களிடமிருந்து ஐந்து மீட்டர். ஆக, சம அளவுள்ள பொருளே முன்னால் ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும். கார் தவளை மாதிரி ஆகிவிடும். ஆறு மீட்டர் தள்ளி நின்றால் ஆறுக்குப் பத்து, கண்ணுக்கு இயல்பான விகிதம். போனில் சாதாரணமாக இருப்பது அகன்ற கோண லென்ஸ்தான். பின்னால் போய், இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதை வைத்து எடுங்கள். காமிராக்காரர்களுக்கு 85 முதல் 100 மில்லிமீட்டர் வரை உள்ள லென்ஸ் பொருத்தம்.

உயரம் விளக்கின் மட்டம். நின்றபடி எடுத்தால் காரின் கூரையைத்தான் எடுப்போம். என் வயதுக்காரர்கள் முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதில்லை. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கீழே வந்துவிடும், கையைத் தாழ்த்தினால் போதும். முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் கோணமே காருக்கு அழகு. முன்சக்கரம் கொஞ்சம் திரும்பி, அதன் முகம் நம்மைப் பார்த்தால் இன்னும் நல்லது. கூரைமேல் விளக்குக் கம்பம் முளைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் காருக்கும் இந்தச் சூத்திரம் செல்லாது என்பதையும் சொல்லவேண்டும். சொல்லிச் செய்த கார்களுக்கு அவற்றின் விசேஷத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கல்கத்தாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் 1910இல் இங்கிலாந்தின் புரூக் கம்பெனியிடம் சொல்லி, அன்னப்பறவை வடிவில் ஒரு கார் செய்து வரவழைத்தார். அலகிலிருந்து நீராவி வரும்! இன்று அது ஹாலந்தில் லௌமன் மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பக்கவாட்டிலிருந்து எடுக்காமல் முன்னாலிருந்து எடுத்தால் யாருக்கு என்ன புரியும்?

ஓடும் கார்

கொடி அசைத்தாயிற்று, கார்கள் கிளம்புகின்றன. மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்குப் பத்து மீட்டர். ஷட்டர் 1/500 நொடி திறந்தால் கார் 2 சென்டிமீட்டர்தான் நகரும். படம் தெளிவாக இருக்கும், ஆனால் கார் நடுரோட்டில் நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். 1/60 நொடியில் சுமார் 17 சென்டிமீட்டர் நகரும். காமிராவை அசைக்காமல் பிடித்தால் கார் குழைந்துபோகும்.

இந்தப் படத்தைக் குப்பையில் போடுமுன் சக்கரத்தைப் பாருங்கள். கீழ்ப்பாதி ஆரக்கால்கள் தெளிவாகவும், மேல்பாதி கலைந்தும் இருக்கும். காரணம், தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. சக்கரத்தின் உச்சியோ காரைப்போல இரண்டு மடங்கு, 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ரயில் சக்கரத்தில் இன்னும் வேடிக்கை. தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஃபிளாஞ்சின் அடிப்பகுதி அந்தக் கணத்தில் பின்னோக்கிப் போகிறது. ஹவுரா ராஜதானி 130 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போதும் அதன் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு பகுதி தில்லிக்குத் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறது! பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

ஓட்டத்தைக் காட்ட ஒரே வழி, காரோடு கூடக் காமிராவைத் திருப்புவது. கார் நமக்கு மிக அருகில் வரப்போகும் இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். இடுப்பை மட்டும் திருப்பி, கார் தூரத்தில் வரும்போதே சட்டத்துக்குள் பிடியுங்கள். அதோடு திரும்பிக்கொண்டே வந்து, நேரே வரும்போது மெதுவாக அமுக்குங்கள். அமுக்கியதும் நிறுத்தாதீர்கள், இன்னும் கொஞ்சம் திரும்புங்கள். ஷட்டர் 1/60 அல்லது 1/30. கார் தெளிவாக, பின்னணி கோடு கோடாக, ஆரக்கால்கள் எல்லாம் ஒரே சீராகச் சுழல்வது தெரியும். பத்துக்கு இரண்டு தேறினால் திருப்திப்படலாம். முழு வெயிலில் 1/30 வைத்தால் படம் வெளுத்துவிடும். அப்போது போலரைஸிங் ஃபில்டர் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைத்து இங்கேயும் கை கொடுக்கும்.

பிரெஞ்சுக்காரரான லார்டீக் முதல் உலகப் போருக்கு முன், இளைஞராக இருந்தபோது எடுத்த பந்தயக் கார் படம் உலகப் பிரசித்தம். அதில் சக்கரம் முட்டை வடிவாக முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். அவருடைய காமிராவில் ஷட்டர் ஒரு சின்ன இடுக்காகப் படத்தட்டின் மேல் நகர்ந்தது. படம் துண்டு துண்டாகப் பதிந்தது. அவர் காமிராவைத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்குத் திருப்பவில்லை. போன்களும் இன்று வரிசை வரிசையாகத்தான் படத்தைப் பதிக்கின்றன. ஆகவே கிட்டே வேகமாகப் போகும் கார் சாய்ந்து விழுந்தால் போன் கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடவேண்டாம்.

சில்லறை விஷயங்கள்

முழுக் காரையே எடுத்துக்கொண்டிராமல் ரேடியேட்டர் மூடி, பித்தளை ஹாரன், மர ஆரக்கால், கிராங்க் போடும் துளை, ஃபுட்போர்டு இவற்றையும் எடுங்கள். இரண்டு பேர் உட்காரும் கார்களின் பின்புறம் திறந்து விரியும் இருக்கைக்கு டிக்கி சீட் என்று பெயர். நாம் இன்றும் சாமான் வைக்கும் இடத்தை 'டிக்கி' என்கிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான். குழந்தைகளுக்கு அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் தொடக்கூடாது. பொத்தான், பெல்ட் பக்கிள் பட்டால் பெயின்ட்டில் கீறல் விழும். சொந்தக்காரர் வருஷக்கணக்கில் உழைத்திருப்பார். அவர் பக்கத்தில் கறைக் கையோடு நிற்கும் மெக்கானிக்கையும் ஒரு படம் எடுங்கள். அவரை யாரும் எடுப்பதில்லை.

எதை எடுப்பது?

மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸை ஆயிரம் பேர் எடுப்பார்கள். நீங்கள் வரிசையின் கடைசிக்குப் போங்கள். அங்கே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றால் விடாதீர்கள். அது நம் சென்னைக்கருகே வண்டலூரில் 1961 முதல் செய்த கார். எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நம் தெருக்களில் நின்ற ஃபியட்டும் அம்பாசடரும் ஒவ்வொன்றாக மறைந்தன. 2021இல் மத்திய அரசு, ஐம்பது ஆண்டு கடந்து மூல உருவில் இருக்கும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசை எண்ணில் பதிவு கொடுக்க விதி செய்தது. கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பணமும் ஐம்பது வயதும் இல்லாத ஃபியட் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். யார் வீட்டிலாவது இன்னும் ஒன்று நின்றால், ராலி வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுங்கள். நாலு பக்கமும், டாஷ்போர்டும், என்ஜினும், சாஸி நம்பர் தகடும். பிறகு ஒருநாள் யாராவது அதே மாடலைச் சீர் செய்ய உட்கார்ந்தால், எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு அந்தப் படம்தான் டிராயிங். ஒர்க்‌ஷாப்பில் பிரிப்பதற்கு முன் படம் எடுப்பது எங்களுக்கு வழக்கம். கழற்றிய பிறகு ஞாபகத்தை நம்பக் கூடாது.

பழகிக்கொள்ள இடம் வேண்டுமென்றால் ஆர்.கே.புரத்துக்குப் பக்கத்திலேயே சாணக்கியபுரியில் 1977இல் திறந்த ரயில் மியூசியம் இருக்கிறது. அங்கே ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி ஒன்று உண்டு. 1914இல் இங்கிலாந்தில் செய்தது, நிஜாம் ஸ்டேட் ரயில்வேயில் வேலை பார்த்தது. ஸ்டேட்ஸ்மன் ராலியிலும் பல வருஷங்கள் ஓடியிருக்கிறது. அசையாமல் நிற்கும் வண்டியாதலால் மேலே சொன்ன கோணம், உயரம், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் நிதானமாகச் சோதிக்கலாம். குருகிராமுக்கு அப்பால் தாவ்ருவில் 2013இல் தொடங்கிய ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியமும் ஒரு நாள் போய்வரத் தக்கது. அங்கே கூரைக்குக் கீழ் இருப்பதால் விளக்குகளின் பிரதிபலிப்பைச் சமாளிக்கப் பழகலாம்.

படம் எடுத்த அன்று இரவே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்: கம்பெனி, மாடல், வருஷம், எந்த ஊர் வண்டி, சொந்தக்காரர் சொன்ன கதை. 1919 முதல் 1930 வரை செய்தவற்றையே 'வின்டேஜ்' என்பது ஆங்கிலேயர் வழக்கம், அதையும் பார்த்துக் குறியுங்கள். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அஞ்சலட்டை அளவில் பிரின்ட் போட்டு, பின்னால் தேதி எழுதி, காரின் சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். அடுத்த வருஷம் பானெட்டை அவரே திறந்து காட்டுவார்.