ஒரு கடன், இரண்டு மேசைகள்

கொச்சிக்கும் சீனத்துக்கும் உள்ள வாணிகத் தொடர்பு பழமையானது. 15ஆம் நூற்றாண்டில் செங் ஹோவின் கப்பற்படையுடன் பயணம் செய்த மா ஹுவான், கொச்சியின் மிளகு வாணிகத்தையும் செட்டிமாரின் செல்வத்தையும் எழுதி வைத்தார். மிங் பேரரசர் கொச்சி மன்னருக்குப் பட்டமும் முத்திரையும் வழங்கினார். பேரரசர் வழங்குவார், பிறர் ஏற்பர் என்பதே அன்றைய ஒழுங்கு.

இன்றைய உலகப் பொருளாதார ஒழுங்கு வாக்குகளால் இயங்குகிறது. பன்னாட்டு நாணய நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்குகள் தேவை. அமெரிக்கா ஏறத்தாழ 16.5 விழுக்காடு வைத்திருப்பதால், அதன் இசைவின்றி அம்முடிவுகள் நிறைவேறா. சீனத்தின் பங்கு சுமார் 6 விழுக்காடே. 2010இல் ஏற்கப்பட்ட பங்குச் சீர்திருத்தம் 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி செயல்படத் தொடங்கியது. அங்கே முக்கிய முடிவுகளுக்கு 75 விழுக்காடு தேவை. சீனத்திடம் இருப்பது சுமார் 26. பழைய விதியின் தடுப்புரிமை புதிய வங்கியில் கைமாறி நிற்கிறது.

இந்தியா அவ்வங்கியின் இரண்டாவது பெரிய பங்குதாரர். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு அது கடன் வழங்குகிறது. ஆனால் சீனத்தின் 'மண்டலமும் பாதையும்' திட்டத்தில் இந்தியா சேரவில்லை. முன்னதில் நமக்கு வாக்கு உண்டு. பின்னதில் கடன் தரும் நாடும் பெறும் நாடும் தனித்தனியே பேசிக்கொள்ள வேண்டும்.

இவ்வேறுபாட்டின் விலையை இலங்கை காட்டியது. 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. ஒரே கடனாளிக்குப் பல வங்கிகள் கடன் தந்திருந்தால், அவை கூடிப் பேசி ஒத்த சலுகை அளிப்பதே வங்கி மரபு. இந்தியா, ஜப்பான், பிரான்சு ஆகியவை தலைமையேற்ற கடன் வழங்குநர் குழு அவ்வாறே அமைந்தது. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியோ தனி மேசையில் பேசியது. இரு மேசைகளிலும் உடன்பாடு கையெழுத்தாக 2024 ஜூன் வரை ஆயிற்று. ஒரு தரப்பு விட்டுக்கொடுப்பது மறுதரப்புக்கு வட்டியாகப் போய்விடுமோ என்ற ஐயம் இத்தகைய பேச்சுகளை நீட்டிப்பது இயல்பு. பெரிய கடன் வழங்குநர் அனைவரும் ஒரே மேசைக்கு வருவார்களா என்பதே வருங்கால உலகப் பொருளாதார நிர்வாகத்தின் மையக் கேள்வி என நாம் கருதுகிறோம்.

இது தொலைவில் உள்ளவர் கவலை அன்று. அந்நியச் செலாவணி வற்றிய நாட்டில், நேர்மையான இறக்குமதியாளராலும் உரிய நாளில் பணம் அனுப்ப இயலாது. எனவே ஏற்றுமதி செய்யும் நம் வாடிக்கையாளர்கள், வாங்குபவரின் நாணயத்தோடு அவர் நாட்டின் கடன் நிலையையும் ஆராய வேண்டும். எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதத்துக்கு மற்றொரு வலுவான வங்கியின் உறுதியும், ஏற்றுமதிக் கடன் காப்பீடும் பெறுவது நலம். சரக்கு கப்பலேறும் முன்பே இவற்றை முடித்துக்கொள்ள வேண்டும்.