வன்னிக் கத்தரிக்காயில் போர் நஞ்சா?

வெள்ளவத்தை மரக்கறிக் கடையிலும், நுகேகொடையில் எங்கள் ஒழுங்கையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே கதைதான். "வன்னிக் கத்தரிக்காய் வாங்காதேங்கோ. சண்டையில அடிச்ச கெமிக்கல் இன்னும் மண்ணுக்குள்ள கிடக்கு. கான்சர் வரும்." படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். இரசாயனவியல் படிப்பித்துக் காலம் கழித்த எனக்கு இனியும் பொறுக்க முடியவில்லை.

எந்தக் கெமிக்கல்? கேட்டால் பதில் இல்லை. நஞ்சுக்கு நஞ்சு ஆயுள் வேறு. பெயரே தெரியாமல் ஒரு பிரதேசத்தின் விளைச்சலையே தள்ளிவைப்பது அநியாயம்.

சிலர் வெண்பொசுபரசு என்பார்கள். 2009 இறுதிப் போரில் அது பாவிக்கப்பட்டதா என்பது பற்றி முடிவுக்கு வர முடியவில்லை என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. மேலும் விசாரிக்கவும் சொன்னது. அந்த விசாரணை நடக்கத்தான் வேண்டும். கத்தரிக்காய்க் கதை வேறு. வெண்பொசுபரசு காற்றுப் பட்டதும் எரியும், ஈரத்தோடு சேர்ந்து பொசுபோரிக் அமிலமாகும், கடைசியில் மண்ணில் பொசுபேற்றாக முடியும். வயலுக்குப் பசளையாகப் போடுவதும் பொசுபேற்றுத்தான். காற்றுப் புகாத சேற்றில் மட்டும் அது எரியாமல் தங்கும். அலாஸ்காவில் அமெரிக்க இராணுவம் சுட்டுப் பழகிய சதுப்பு நிலத்தில் அப்படித் தங்கியதைத் தின்று வாத்துகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. கொத்திப் புரட்டிக் காயவிடும் தோட்ட மண்ணில் அதற்கு இடமில்லை.

இந்த நாட்டில் நன்கு பதிவான இரசாயனத் தாக்குதல் 1990 யூனில் நடந்தது. மட்டக்களப்பு கிரான் முகாம்மீது புலிகள் குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டார்கள்; உருளைகள் அயலிலிருந்த கடதாசி ஆலையினுடையவை. 60க்கு மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டார்கள். அந்த வாயு காற்றில் கலைந்தது. ஈரத்தில் கரைந்த மிச்சம் குளோரைட்டானது. கறிக்குப் போடும் உப்பிலும் இருப்பது அதுதான்.

மண்ணில் நிலைக்கும் நஞ்சு இல்லையா? உண்டு. முதலாம் உலகப் போரில் மிஞ்சிய இரசாயனக் குண்டுகளைப் பிரான்சின் வெர்டன் அருகே 1928இல் எரித்த இடத்தில் ஆசனிக்கு இன்றும் செறிந்து கிடக்கிறது. வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஒரேஞ்சோடு வந்த டயொக்சின், பியென் ஹோவா விமானத்தளக் குளங்களின் சேற்றிலும் மீனிலும் பல பத்தாண்டுகள் கழித்தும் இருந்தது. வன்னியில் நடந்தது அந்த வகைத் தெளிப்பு அல்ல. போர் அங்கே மண்ணுக்குள் விட்டுப்போன பெரிய ஆபத்து கண்ணிவெடி. முகமாலையில் அதைத் தோண்டி எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நச்சுவாயு பற்றி உலவும் மற்றக் கதைகளுக்கு அதிக இடம் தேவையில்லை. ஈரத்துணியை மூக்கில் கட்டினால் எந்த வாயுவும் அண்டாது என்பது பொய். நிலத்தோடு படுத்தால் தப்பலாம் என்பதும் பொய். குளோரீன் காற்றைவிடப் பாரமானது, மேட்டுக்கு ஓட வேண்டும். உயிர் தப்பினால் எல்லாம் சரி என்பது அதைவிடப் பெரிய பொய். 1987இல் ஈரானின் சர்தாஷ்தில் கடுகு வாயு பட்டவர்கள் பல பத்தாண்டுகளாக மூச்சுக்குத் தவிக்கிறார்கள். மண் மறந்தாலும் நுரையீரல் மறக்காது.

கத்தரிக்காயில் நஞ்சைத் தேடுகிறவர்கள் தோட்டக்காரனின் தெளிகருவியைப் பாருங்கள். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிநாசினி தேடும்போதுதான் டபுன் என்ற நரம்பு நஞ்சு அகப்பட்டது. தோட்டங்களில் அடிக்கும் ஓகனோ பொசுபேற்று மருந்துகள் அதன் இனம். நரம்பின் செய்தி முடிந்ததும் அதைத் துடைக்கும் நொதியத்தைத்தான் இரண்டும் முடக்குகின்றன. எச்சில் வழியும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும். வைத்தியர் ஏற்றுவதும் அதே அத்ரோபின்தான். வெறும் மேலோடு, முகக்கவசமில்லாமல், காற்றுக்கு எதிரே நின்று அதை அடிக்கிறான் தோட்டக்காரன். ஒரு புழுத்துளையும் இல்லாத கத்தரிக்காய்தான் வேண்டும் என்று தெரிந்தெடுப்பது கொழும்பில் நாங்கள்.

கடைசியாக மருந்தடித்து எத்தனை நாளில் காய் பறித்தார்கள்? எத்தனை நாள் விட வேண்டும் என்று மருந்துப் போத்தல் லேபலிலேயே இருக்கிறது. கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள். வன்னி மரக்கறிக்கு மட்டுமல்ல, தம்புள்ளையிலிருந்து வருவதற்கும் நுவரெலியாவிலிருந்து வருவதற்கும் அதே கேள்விதான்.