டொராண்டோ அடுப்பில் இருவர் பொங்கல்

தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். டொராண்டோவில் அது பெரும்பாலும் வேலை நாள். வெளியே உறைபனி; வாடகை வீட்டில் மின்சார அடுப்பு; கூரையில் எப்போது அலறலாம் என்று காத்திருக்கும் புகை அலாரம். ஒரு சலுகையும் உண்டு. அந்த வாரத்தில் அங்கே சூரியன் எழவே காலை 7.50 ஆகிவிடும். ஊரில்போல நாலு மணிக்கு எழ வேண்டியதில்லை. ஆறரைக்கு எழுந்தாலே சூரியனை முந்திக்கொள்ளலாம்.

சாமானுக்குப் பஞ்சமில்லை. கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது 2016இல்தான்; ஸ்கார்பரோவின் தமிழ்க் கடைகள் அதற்கு வெகு முன்பே பச்சரிசியையும் வெல்லத்தையும் அடுக்கத் தொடங்கிவிட்டன. கடினமான வேலை வேறு. சேர்ந்து சமைக்கும் இருவரில் ஒருவர் மதுரை, இன்னொருவர் யாழ்ப்பாணம் என்றால், அடுப்பு மூட்டும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு.

“எங்கட வீட்டில பயறை வறுத்துக் குத்தித்தான் போடுறது” என்பார் ஒருவர். “நாங்க பாசிப்பருப்பை நெய்யில லேசா வறுப்போம், அவ்வளவுதான்” என்பார் மற்றவர். ஒருவருக்குச் சிவப்புப் பச்சையரிசியும் தேங்காய்ப்பாலும். இன்னொருவருக்கு வெள்ளைப் பச்சரிசியும் நெய்யும். தனித்தனியாக இரண்டு பானை வைப்பது வீண். சிவப்பரிசி வேக நேரம் பிடிக்கும் என்பதால் அலுவலக நாளில் வெள்ளைப் பச்சரிசியே நல்லது. பதிலுக்குப் பருப்பும் பாலும் யாழ்ப்பாண முறையில் இருக்கட்டும். பாஸ்மதியை மட்டும் இருவருமே தொட வேண்டாம். அது குழையாமல் உதிரி உதிரியாகவே நிற்கும்.

சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பல காய்க் குழம்பு என மூன்று போதும். வடையை விட்டுவிடலாம். மூடிய வீட்டில் எண்ணெய்ச் சட்டி காய்ந்தால் அலாரம் சும்மா இருக்காது. அதன்மேல் துணி கட்டி மூடும் வேலையும் வேண்டாம். அடுப்புக்கு மேலுள்ள விசிறியை முதலிலேயே ஓடவிட்டு, மிதமான சூட்டில் தாளித்தால் போதும்.

குழம்பை முதல் நாள் இரவே வைத்துவிட வேண்டும். மறுநாள் காய்களில் புளியும் காரமும் ஊறி ருசி கூடும். பூசணி கிடைக்காவிட்டால் பட்டர்நட் ஸ்குவாஷ், கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைக்காய், கத்தரிக்காய். பச்சை மொச்சைக்குக் குஜராத்திக் கடையின் உறைபெட்டியைத் துழாவலாம். ‘சூர்த்தி பாப்டி லில்வா’ என்று எழுதிய பொட்டலத்தில் இருப்பது அதே இனத்துக் கொட்டைதான். மொச்சையும் கிழங்கும் முதலில், கத்தரிக்காய் பிறகு. காய்கள் முக்கால் வேக்காடு ஆன பிறகே புளிக்கரைசல். முந்திக்கொண்டு ஊற்றினால் புளிப்பு காய்களை வேகவிடாது. கிழங்கு மணிக்கணக்கில் விறைத்துக் கிடக்கும்.

காலையில் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் குக்கரில் வெண்பொங்கலைப் பார்க்கட்டும்: அரை கப் பச்சரிசி, கால் கப் பாசிப்பருப்பு, மூன்று கப் தண்ணீர், உப்பு, நாலைந்து விசில். பிறகு நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி, துளிப் பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

மற்றவருக்குத்தான் உண்மையான பொறுப்பு, பால் பொங்க வைப்பது. ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த மண்பானையோ பித்தளைப் பானையோ இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அது அந்த அடுப்புக்கு ஆகும். காந்தம் ஒட்டும் சிறிய எவர்சில்வர் பாத்திரமே சரி. பெரியதில் பால் பொங்கி வழியவே வழியாது. ஒரு கப் பாலும் இரண்டு கப் தண்ணீரும் ஊற்றினால் பாத்திரம் முக்கால் பங்குக்கு மேல் நிறைய வேண்டும். பாலின் புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படியும்; அடியிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் அந்த ஆடையைத் தூக்கும். பொங்குவது அதனால்தான். நுரை விளிம்பைத் தாண்டியதும் “பொங்கலோ பொங்கல்” என்று இருவரும் கூவிவிட்டு, உடனே பாத்திரத்தைத் தூக்கிவிட வேண்டும். சுருள் அடுப்பை அணைத்தாலும் சூடு சட்டென்று இறங்காது. தொடுவிசை கொண்ட இண்டக்‌ஷன் அடுப்பு, மேலே ஈரம் பட்டால் தானே அணைந்துவிடவும் கூடும். துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

பிறகு ஒரு கரண்டி பாலை மொண்டு தனியே வைத்துக்கொண்டு, கழுவிய அரை கப் அரிசியும் வறுத்த பயறு இரண்டு மேசைக்கரண்டியும் போட வேண்டும். கெட்டியாகும்போது, மொண்டு வைத்த பாலைச் சேர்க்கலாம். அரிசி விரலால் நசுக்கினால் மாவாகக் குழைய வேண்டும். அதற்கு முன் வெல்லம் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அரிசி அதற்கு மேல் வேகாது. முக்கால் கப் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் தூசி போக வடிகட்டி ஊற்றுவது நல்லது. கண்ணாடித் தளம் போட்ட அடுப்பில் பாகு சிந்தினால் தளமே பொத்துப்போகலாம் என்பதால், வெல்லம் சேர்த்த பிறகு பொங்க விடக் கூடாது. கடைசியில் அரை கப் கெட்டித் தேங்காய்ப்பால். டின்னில் வருவதே போதும். ஒரு கொதி வந்ததும் இறக்காவிட்டால் திரிந்துவிடும். மதுரைக்காரர் பங்குக்கு நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலக்காய்ப் பொடி.

சூரியனுக்குப் படைக்க முற்றம் இல்லாவிட்டால் கிழக்கு ஜன்னல் போதும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு பொங்கலும் கல்லாக இறுகும். சர்க்கரைப் பொங்கலைச் சூடான பாலிலும் வெண்பொங்கலை வெந்நீரிலும் இளக்கிக்கொள்ளலாம். அடுப்பில் கருகிய பாலுக்குச் சமையல் சோடாவைத் தூவி, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் ஊற விட வேண்டும். அதைத் தேய்ப்பது யார் என்பதையும் பால் வைக்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.