பழகிய பிரயாணியும் ஞாபகப் பிசகும்

பிரயாணம் கல்வியின் ஓர் அங்கம் என்பர் பெரியோர். பல ஊர் கண்டவன் பல மனிதரை அறிகிறான். பல மனிதரை அறிந்தவன் தன் குறையையும் ஒருவாறு அறிகிறான். ஆயினும், பல ஊர் கண்டவனே சில வேளைகளில் சிறு பிள்ளையும் செய்யாத பிழையொன்றைச் செய்துவிட்டுத் திகைத்து நிற்கக் காண்கிறோம். முதன்முறையாக ஊரை விட்டுப் புறப்படும் பாட்டி, தன் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டி நிற்கும் இடந்தோறும் "இது எந்த ஊருங் கண்ணு?" என்று கேட்டுக் கேட்டு, தான் இறங்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இறங்கிவிடுகிறாள். முப்பது ஆண்டுகள் அவ்வழியே போய்வந்த கனவானோ மூட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறார். இஃது ஏன்? அறியாமையால் நேர்ந்தது என்று சொல்ல வழியில்லை. அப்பாதையில் அவர் அறியாதது ஒன்றுமில்லை. சோம்பலால் நேர்ந்தது என்று சொல்லவும் மனம் வரவில்லை. இத்தகைய பிசகுகள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றைத் தடுக்கும் உபாயம் யாது என்பதைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் சொந்த ஊர் சத்தியமங்கலம். ஊரை ஒட்டிப் பவானியாறு ஓடுகின்றது. வடக்கே மலைத்தொடர் அரண்போல் நிற்கின்றது. எங்களூருக்கு ரெயில் கிடையாது. ஆதலின் கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் மைசூருக்கும் செல்வோர் பெரும்பாலும் பஸ்ஸையே நம்பி வாழ்பவர்கள். கோயமுத்தூரிலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாக வரும் நெடுஞ்சாலை சத்தியமங்கலத்தைக் கடந்து, பண்ணாரிக்கு அப்பால் மலையேறத் தொடங்கி, 27 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றித் திம்பத்தை அடைந்து, ஆசனூர் வழியாகக் கன்னட நாட்டிற்குள் நுழைகின்றது. இவ்வழியில் சிறு வயது முதலே போய்வந்து பழகியவர்கள் எங்களூரில் பலர். ஆகவே பழகிய பிரயாணிகளின் பிசகுகளுக்கும் எங்களூரில் பஞ்சமில்லை. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வழக்கத்தின் சங்கிலி ஓரிடத்தில் அறுந்துபோவதால் உண்டாகும் பிசகு. இதற்கு என் பெரியப்பாவின் கதையே தக்க சான்று. அவர் மஞ்சள் வியாபாரி. வாரத்தில் பாதி நாள் பஸ்ஸிலேயே கழிப்பவர். எங்கே போனாலும் ஒரு மஞ்சள் துணிப்பை அவர் மடியில் இருக்கும். என் தமக்கையின் கலியாணச் செலவுக்காகத் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்க ஏற்பாடாகியிருந்தது. கோயமுத்தூரில் ஒரு வக்கீலிடம் கொடுத்திருந்த மூலப் பத்திரங்களை வாங்கிக்கொண்டு, மைசூர் செல்லும் பஸ்ஸில் அவர் ஊர் திரும்பினார். மறுநாட் காலையில் பத்திரப் பதிவு. அன்னூரில், கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண் நிற்க இடமின்றித் தவிக்கவே, பெரியப்பா குழந்தையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு, பையை மேற்பலகையில் வைத்தார். புளியம்பட்டியில் அப்பெண் குழந்தையோடு இறங்கிப் போனாள். சத்தியமங்கலத்தில் இவர் இறங்கி, நாலு பேரோடு பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். "பை எங்கீங்க?" என்று பெரியம்மா கேட்ட பிறகே அவருக்கு உலகம் சுழன்றது. பத்திரங்கள் மலையேறிக்கொண்டிருந்தன!

நல்ல வேளையாக, மலைக்குச் செல்லும் வண்டிகள் பண்ணாரியில் நின்று செல்வது வழக்கம். அங்கே கடை வைத்திருந்த ஓர் உறவினருக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. அவர் ஓடிச்சென்று நடத்துநரிடம் சொல்லிப் பையை இறக்கி, எதிரே வந்த வண்டியில் கொடுத்தனுப்பினார். அன்றிரவு பெரியப்பா சாப்பிடவில்லை. பையைத் தடவிக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னார்: "முப்பது வருசமா இந்தப் பையை நான் நெனப்பு வெச்சுக்கிட்டு இருந்தேன்னு நெனச்சேன் கண்ணு. நான் எங்கே வெச்சேன்? என்ற மடியல்லோ நெனப்பு வெச்சுக்கிட்டு இருந்துச்சு!"

மனநூல் வல்லார் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பழக்கம் என்பது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அடுத்த கண்ணியை இழுக்கும். மடியின் பாரமே எழுந்திருக்கும்போது பையைப் பிடிக்கச் செய்தது. பாரம் இல்லாதபோது நினைவூட்ட எதுவுமில்லை. நாம் நம் ஞாபகசக்தி என்று பெருமை கொள்வதில் பெரும்பகுதி, பொருள்கள் தத்தம் இடத்தில் இருப்பதால் கிடைக்கும் உதவியேயாம்.

இவ்வகைப் பிசகினால் உலக இலக்கியமே ஒரு நாள் ஆபத்துக்குள்ளாயிற்று. 1912-ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் இலண்டன் நகரத்துக்குச் சென்றபோது, தம் கீதாஞ்சலிப் பாடல்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதிய கையெழுத்துப் பிரதியை உடன் கொண்டு போயிருந்தார். அப்பிரதி அடங்கிய கைப்பெட்டி அவருடைய புதல்வர் ரதீந்திரநாத்தின் பொறுப்பில் இருந்தது. அவர் அமெரிக்காவில் பயின்று, கடல் கடந்து பழகியவர். ஆயினும் பூமிக்கடியில் ஓடும் ரெயிலில் அப்பெட்டியை விட்டு இறங்கிவிட்டார். ஓவியர் ரோதன்ஸ்டைனிடம் பிரதியைக் கொடுக்க வேண்டிய வேளையில்தான் இழப்புத் தெரிந்தது. ரெயில்வேயின் தொலைந்த பொருள் காரியாலயத்தில் அது பத்திரமாக அகப்பட்டது. அவ்வாண்டிலேயே நூல் அச்சேறியது. 1913-இல் நோபெல் பரிசு தாகூரை வந்தடைந்தது. அப்பெட்டியை எடுத்து ஒப்படைத்தவர் தாம் செய்த உபகாரத்தின் அளவை அறிந்திருக்கமாட்டார்.

இரண்டாவது வகை முதலாவதற்கு நேர்மாறானது. இங்கே சங்கிலி அறுவதில்லை. அறவேண்டிய இடத்தில் அறாமல் நம்மை இழுத்துக்கொண்டு போகின்றது. அமெரிக்க மனநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறார். விருந்துக்கு உடை மாற்றச் சென்றவர், ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, இரவு வழக்கப்படியே படுக்கையில் ஏறிவிடுகிறாராம். என் கல்லூரி நாட்களில் எனக்கு நேர்ந்ததும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வெள்ளிக்கிழமை மாலைதோறும் சத்தியமங்கலம் செல்லும் பஸ்ஸில் ஏறுவது என் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாள் நீலகிரிக்குச் செல்வதற்காக மேட்டுப்பாளையத்தில் ஒரு நண்பனைச் சந்திக்க வேண்டியிருந்தது. என் கால்கள் என்னைக் கேளாமலே பழைய வண்டியில் ஏறின. டிக்கெட் வாங்கும்போதும் நாக்கு "சத்தியமங்கலம்" என்றது. அன்னூர் வந்தபோதே அறிவு விழித்தது. அங்கே இறங்கி வேறு வண்டி பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, நிலையத்தில் இருள் சூழ்ந்திருந்தது. நண்பன் தன்னந்தனியே நின்றிருந்தான். அவன் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "உனக்கு வழியில் என்னவோ ஆகிவிட்டதென்று பயந்தேன்" என்று அவன் சொன்னதே என்னைச் சுட்டது.

ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றிய ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்ட்டன், ஒருமுறை தாம் வந்திறங்கிய ஊரின் பெயரைச் சொல்லி, தாம் இருக்க வேண்டிய இடம் எது என்று மனைவிக்குத் தந்தியடித்ததாகவும், அம்மையார் "வீட்டில்" என்று விடையிறுத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. நாம் சிரிக்கிறோம், நம்மில் பலர் அந்தத் தந்தியை அடிக்காததற்குக் காரணம் வெட்கமேயன்றி வேறில்லை.

மூன்றாவது, பெயரைப் பாதி படிப்பதால் வரும் பிசகு. புதியவன் பலகையை எழுத்தெழுத்தாகப் படிக்கிறான். பழகியவனோ முற்பாதியைக் கண்டவுடன் பிற்பாதியைத் தானே நிரப்பிக்கொள்கிறான். எங்கள் வட்டாரத்தில் பவானி என்றோர் ஊரும் பவானிசாகர் என்றோர் ஊரும் உண்டு. முன்னது சத்தியமங்கலத்திற்குக் கிழக்கே, பவானியாறு காவிரியோடு கூடும் துறையில் உள்ளது. பின்னது மேற்கே, 1955-இல் முடிவுற்ற அணையின் அருகில் உள்ளது. பெயரின் பாதியைக் கண்டு ஏறியவன், ஆற்றின் ஒரு முனைக்குப் போக நினைத்து மற்றொரு முனையில் இறங்குவான். சத்தியமங்கலம் என்ற பெயரே செஞ்சிப் பக்கத்திலும் ஓர் ஊருக்கு உண்டு. இந்நாளில் கைப்பேசியில் ஊர்ப்பெயரின் முதலெழுத்துக்களைத் தட்டியவுடன் மிகுதியை அதுவே நிரப்பித் தருகின்றது. முன்பு நம் மனம் செய்த பிழையை இப்போது இயந்திரமும் உடனிருந்து செய்கின்றது என்க.

நான்காவது, அறிவு பழையதாகிப் போவதால் வரும் பிசகு. வழிகள் என்றும் ஒருபடியாக இருப்பதில்லை. முற்காலத்தில் மைசூரிலிருந்து கொங்கு நாட்டிற்குப் படைகள் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கின. அவ்வழியைக் காத்த தணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றது. திம்பம் பாதையும் மாறிவிட்டது. சத்தியமங்கலம் வனம் 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வாகனங்களில் அடிபட்டு வனவிலங்குகள் மாண்டமையால், 2022 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்படி இம்மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. புதிய பிரயாணி "இரவில் போகலாமா?" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்தான். இருபது ஆண்டுகள் இரவிலேயே அவ்வழியே சென்றவரோ யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவுமில்லை. அடிவாரத்தில் வழிமறிக்கப்பட்ட பின்னரே, தாம் மனத்தில் வைத்திருந்தது பழைய மலை என்பதை உணர்ந்தார்.

இதுகாறும் கூறியவற்றில் இழப்பு ஒரு பையோடும் ஒரு மாலைப்பொழுதோடும் நின்றது. பிசகு எப்போதும் இவ்வளவு மலிவாக நம்மை விடுவதில்லை. மலைச்சரிவில் இறங்கும் வண்டிக்குத் தாழ்ந்த கியர் வேண்டும் என்பதை எந்த ஓட்டுநர் அறியார்? எனினும், ஆயிரம் முறை இறங்கியவர் ஒருமுறை கவலை மிகுந்த மனத்தோடு இறங்கும்போது, கை செய்ய வேண்டியதைச் செய்யாமற் போகக்கூடும். அந்த ஒருமுறைக்கு வளைவு இரக்கம் காட்டாது.

இவ்வுண்மையை ஆகாய விமானிகள் பெருவிலை கொடுத்துக் கற்றார்கள். 1935 அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து ரைட் விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய பெரு விமானமொன்று பரீட்சைக்காக எழும்பியது. ஓட்டியவர் மேஜர் ஹில், பழுத்த அனுபவசாலி. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதபடி விமானத்தின் அசையும் பகுதிகளைப் பூட்டிவைப்பார்கள். அப்பூட்டை விடுவிக்க மறந்து விமானம் கிளம்பியது. செங்குத்தாக ஏறி, நிலைதடுமாறி, விழுந்து எரிந்தது. ஹில் மாண்டார், உடன் சென்ற போயிங் விமானி டவரும் சில நாட்களில் மாண்டார். அதன்பின் விமானிகள், "இன்னும் நன்றாகப் பயிற்சி பெற்றவரைத் தேடுவோம்" என்று முடிவு செய்யவில்லை. அவரினும் நன்றாகப் பயின்றவர் அரியர். புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதி, எத்துணைத் தேர்ந்தவராயினும் ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்த பின்னரே எழும்ப வேண்டும் என்று விதித்தனர். அதே இன விமானங்கள் பிற்பாடு பன்னீராயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. ஜப்பான் நாட்டு ரெயில்வே ஊழியர், தாம் நாள்தோறும் காணும் கைகாட்டியையும் விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லியே வண்டியை நடத்துகின்றனர். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சை செய்வோருக்கும் இத்தகைய வரிசைத் தாளொன்றை வகுத்தது.

இவற்றால் விளங்குவது யாது? "ஜாக்கிரதையாக இரு" என்னும் புத்திமதி மட்டும் போதாது. மறதி வரும்போது ஜாக்கிரதையும் அதனுடனேயே மறைந்துவிடுகின்றது. ஆகவே ஞாபகத்தைச் சாராத சில நியமங்களை நாம் கைக்கொள்ள வேண்டும். ஏறும்போது, "என்னிடம் மூன்று உருப்படி" என்று எண்ணிக்கொள்க. இறங்குமுன் திரும்பி நின்று இருக்கையையும் மேற்பலகையையும் நோக்கி, அம்மூன்றையும் மீண்டும் எண்ணுக. வழக்கமான இடத்தை விட்டு ஒரு பொருளை வேறிடத்தில் வைக்க நேர்ந்தால், அருகிலுள்ளவரிடம் "பை மேலே இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுக. இரு செவிகளுள் ஒன்றேனும் நினைவு வைத்திருக்கும். வழக்கமல்லாத ஊருக்குச் செல்லும் நாளில், வண்டியில் கால் வைக்குமுன் ஊர்ப்பெயரை நடத்துநரிடம் முழுமையாகச் சொல்லிக் கேட்டுக்கொள்க. பலகையைக் கடைசி எழுத்து வரையில் படிக்க. நெடுநாள் செல்லாத வழியில், புதியவனைப்போல் கேட்டுவிட்டே புறப்படுக.

மாணவ நண்பர்களே, இந்நியமங்கள் யாவற்றையும் நாம் முதலிற் கண்ட பாட்டி யாரும் கற்பிக்காமலே செய்துகொண்டிருந்தாள். மூட்டையை அணைத்தாள், ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொன்னாள், நிற்குமிடந்தோறும் கேட்டாள். அவள் கேட்டதற்கு நாம் சிரித்தோம். நாளை நீங்கள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் உலகத்தில் பிரயாணம் செய்யப்போகிறீர்கள். பத்தாண்டுகளில் உங்கள் தொழில் உங்களுக்குக் கைவந்துவிடும். கை தானே வேலை செய்யத் தொடங்கும் அந்நாளே நீங்கள் மிகவும் அஞ்ச வேண்டிய நாள்.

திம்பம் பாதையில் வளைவுதோறும் எண் பொறித்த பலகை உண்டு. அவ்வழியே தினமும் செல்லும் ஓட்டுநர் ஒருவரிடம், "உங்களுக்கு இந்தப் பலகை எதற்கு?" என்று நான் கேட்டேன். "எல்லா வளைவும் எனக்குத் தெரியுமுங்க; இப்போ எத்தனாவது வளைவிலே இருக்கறேன்னு தெரியோணுமல்லோ, அதுக்குத்தானுங்க" என்றார். என் பெரியப்பாவும் இப்போது பஸ்ஸை விட்டு இறங்குமுன் ஒருமுறை திரும்பி நின்று மேற்பலகையைப் பார்க்கிறார். பை என்னவோ அவர் கையில்தான் இருக்கின்றது.