மனச்சோர்வு குறைகிறதா? டேப்லெட்டில் அளக்கும் முறை

தருமபுரி மாவட்டத்தில் மனநல ஆலோசனைக்கு வருபவர் திடீரென்று நின்றுவிட்டால், பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குக் கிளம்பியிருக்கலாம். தேறிப் போனாரா, சலித்துப் போனாரா? கடைசி அமர்வில் அளந்துகொள்ளலாம் என்று காத்திருந்தவருக்கு இது தெரியவே போவதில்லை. ஒவ்வொரு அமர்விலும் அளப்பதுதான் வழி. இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய அரசு உளவியல் சிகிச்சைத் திட்டமும் அப்படித்தான் அளக்கிறது.

முதலில் கருவி. மனச்சோர்வுக்கு 2001இல் வெளியான பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் போதும். இலவசம், தமிழிலும் உண்டு, நீங்களாக மொழிபெயர்க்க வேண்டாம். கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் ஏற்றினால், சித்தேரி மலையில் சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பலாம், பிறகு அனுப்பலாம். கூட்டுத்தொகையைப் படிவமே போடும்படி அமையுங்கள். பெயருக்குப் பதில் எண், டேப்லெட்டுக்குப் பூட்டு. 2017 மனநலச் சட்டப்படி ரகசியம் காப்பது சிகிச்சை பெறுபவரின் உரிமை.

பேச்சைத் தொடங்கும் முன்பே கேளுங்கள். பேசி முடித்தபின் கேட்டால் உங்கள் மனம் கோணாதபடி பதில் வரும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம், ஆனால் மாமியாரும் கணவரும் வெளியே இருக்கட்டும். ‘கடந்த இரண்டு வாரம்’ பிடிபடாவிட்டால் ‘போன சந்தைக்கு முந்தின சந்தையிலிருந்து’ என்று விளக்குங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3, அதிகபட்ச மொத்தம் 27.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது விழுந்தாலும் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் பேசுங்கள். மொத்த மதிப்பெண் குறைவு என்பது சமாதானமாகாது. செயலி எண்ணைச் சேமிக்கும், ஆளைக் காப்பாற்றாது. ஆபத்து தெரிந்தால் தனியே அனுப்பாதீர்கள். மனநல மருத்துவரிடம் உடனே கொண்டு சேருங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐயும் கொடுத்து வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு அமர்வின் மொத்த மதிப்பெண்ணையும் கோட்டு வரைபடமாக்கி அவரிடமே காட்டுங்கள். ஐந்து மதிப்பெண் இறங்கினால் பொருட்படுத்தத்தக்க மாற்றம். மொத்தம் ஐந்துக்குக் கீழே வந்தால் சோர்வு ஏறக்குறைய விலகியது என்று கொள்ளலாம். ஒன்றிரண்டு ஏறி இறங்குவதைப் பெரிதாக்க வேண்டாம். அசதி, தூக்கம் பற்றிய கேள்விகள் மட்டும் உயர்ந்தே நின்றால் ரத்தசோகையா, அறுவடை வேலையா என்று விசாரியுங்கள்.

நான்கைந்து அமர்வாகியும் கோடு அசையவில்லையா? சிகிச்சை முறையை மாற்றுங்கள், அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, மதிப்பெண் தாளோடு அனுப்புங்கள்.